ரத்தத்தில் ஸ்டாஃப், வால்வில் தொற்று: வார்டில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் (சுருக்கமாக ஸ்டாஃப் அல்லது ஆரியஸ்) என்ற கிருமி ரத்தத்தில் வளர்ந்திருப்பதாகச் சொல்லி அட்மிஷன் போட்டதும் கூட இருப்பவர்கள் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். கீழே வரும் மருந்தளவுகள் கிட்னி நன்றாக வேலை செய்யும் பெரியவர்களுக்குப் பொதுவாகத் தரப்படுபவை. உங்கள் நோயாளியின் சீட்டில் வேறு அளவு இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

1. "ரத்தத்துல ஸ்டாஃப் வந்திருக்குன்னு சொல்றாங்க. இது ஏதோ புதுசா வந்த கிருமியா?"

பழைய கிருமிதான். 1880களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் சீழை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்த உருண்டைகளுக்கு அவர் வைத்த பெயர் இது. கிரேக்க மொழியில் 'ஸ்டாஃபிலே' என்றால் திராட்சைக் கொத்து. தட்டில் வளர்க்கும்போது பொன்னிறமாகத் தெரிவதால் 'ஆரியஸ்' என்பது பின்னால் சேர்ந்தது. நான்கைந்து பேரில் ஒருவருக்கு மூக்கின் முன்பகுதியிலேயே இது குடியிருக்கிறது. அங்கே இருக்கும்வரை தொந்தரவில்லை.

ரத்தத்துக்குள் போனால் கதை வேறு. பென்சிலின் புழக்கத்துக்கு வருமுன், 1941இல் பாஸ்டன் நகர மருத்துவமனையிலிருந்து வெளிவந்த 122 நோயாளிகளின் கணக்கில் 82 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். இன்று நல்ல மருந்து இருந்தும் இறப்பு 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கிறது. சாதாரணக் காய்ச்சல் என்று வந்தவரை ஒரே ஒரு ரிப்போர்ட்டுக்காக உடனே படுக்க வைப்பது இதனால்தான்.

2. "வீட்டுல எல்லாம் சுத்தமாத்தான் இருக்கோம். எப்படி உள்ளே போச்சு?"

சுத்தத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. தோலில் ஒரு வாசல் திறந்தால் போதும். அடிக்கடி கண்ணில் படும் வாசல்கள்: போன வாரம் வேறு இடத்தில் போட்ட வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றக் கையில் குத்தி வைக்கும் சிறு குழாய்), டயாலிசிஸுக்குக் கழுத்தில் வைத்த லைன் என்ற குழாய், சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண், அக்குளிலோ தொடையிலோ வந்து வீட்டிலேயே அமுக்கிப் பிழிந்த கட்டி. வென்ஃப்ளான் எடுத்த இடத்தைத் தடவிப் பாருங்கள். நரம்பு கயிறுபோலத் தடித்து, தொட்டால் வலித்து, லேசாக அழுத்தினால் துளையில் ஒரு சொட்டு சீழ் எட்டிப் பார்த்தால் வாசல் அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உடனே நர்ஸிடம் காட்டுங்கள்.

சிலருக்கு வாசல் எது என்று கடைசிவரை தெரியாது. அதற்காகத் தேடாமல் விட முடியாது. உடம்புக்குள் வைத்த எந்தப் பொருளையும் டாக்டரிடம் சொல்லுங்கள்: பத்து வருஷத்துக்கு முன் காலில் வைத்த பிளேட், மாற்றிய மூட்டு, பேஸ்மேக்கர், செயற்கை வால்வு. "அது பழைய விஷயமாச்சே" என்று விட்டுவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. இந்தக் கிருமி உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் படலம்போல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக வேலை செய்யாது.

3. "கூட இருக்கிற எங்களுக்கு ஒட்டுமா?"

காற்றில் பரவாது. கை வழியாகத் தோலுக்குப் போகலாம். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவுங்கள், கட்டு மாற்றிய பஞ்சை வெறுங்கையால் எடுக்காதீர்கள், ஒரே துண்டையும் ஷேவிங் பிளேடையும் இருவர் பயன்படுத்தாதீர்கள். அவ்வளவு போதும்.

4. "ஏற்கெனவே ரத்தம் எடுத்தாச்சு. மறுபடி மூணு இடத்துல குத்தி எவ்வளவுதான் எடுப்பீங்க?"

இது கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு. பெரியவர்களுக்கு ஒரு செட் என்பது இரண்டு பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 மில்லி. இப்படி இரண்டு அல்லது மூன்று செட்களை வெவ்வேறு இடங்களில் குத்தி எடுப்பார்கள். ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு கிருமிகளே இருப்பது சகஜம் என்பதால், அளவு குறைந்தால் அகப்படாமல் போகும். பாவம் என்று 3 மில்லி எடுத்து அனுப்பினால் குத்தியது வீணாகிவிடும்.

எடுக்கும் முறையும் முக்கியம். குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால் அரை நிமிஷம் தேய்த்து, தானாகக் காய விட்டு, அந்த இடத்தை மறுபடி விரலால் தொடாமல் குத்த வேண்டும். பாட்டிலின் ரப்பர் மூடியையும் துடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸுக்கு முன்பே எடுக்க வேண்டும். வரும் வழியில் எங்காவது "ஒரு ஊசி" போட்டிருந்தால் என்ன ஊசி என்று சொல்லிவிடுங்கள். அரைகுறையாகப் போன மருந்து கிருமியைக் கொல்லாமல் கல்ச்சரை மட்டும் நெகட்டிவ் ஆக்கிவிடும்.

கழுத்தில் லைன் இருந்தால் லைனிலிருந்து ஒரு செட்டும் கையில் குத்தி ஒரு செட்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் எடுப்பார்கள். லைன் பாட்டில் கை பாட்டிலைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டு பாசிட்டிவ் ஆனால் லைன்தான் மூலம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம்.

5. "பக்கத்து பெட்காரருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ்னு வந்துச்சு, ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. எங்களுக்கு மட்டும் ஏன்?"

குடும்பப் பெயர் ஒன்று, ஆள் வேறு. தோலில் வாழும் சாதுவான வகைகளைக் கோஆகுலேஸ் நெகட்டிவ் என்பார்கள். அவை ஒரே ஒரு பாட்டிலில், இரண்டு மூன்று நாள் கழித்து மெதுவாக வளர்ந்தால் பெரும்பாலும் குத்தும்போது தோலிலிருந்து ஒட்டி வந்தவை. செயற்கை வால்வோ லைனோ இருந்து, பல பாட்டில்களில் வளர்ந்தால் அவற்றையும் விட்டுவிட மாட்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே லக்டுனென்சிஸ் என்று ஒன்று, ஆரியஸைப் போலவே வால்வைக் கடித்துத் தின்னும். அதற்குச் சலுகை கிடையாது.

ஆரியஸ் ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் நிஜம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "மறுபடி எடுத்துப் பார்த்துட்டு மருந்து ஆரம்பிக்கலாமே" என்று காத்திருக்கக் கூடாது.

6. "கிருமி ரத்தத்துலதானே? ஹார்ட்டுக்கு ஏன் எக்கோ?"

ரத்தத்தில் ஓடும் ஸ்டாஃப் தங்க இடம் தேடும். அதற்குப் பிடித்த இடம் வால்வு: பழுதான வால்வும் செயற்கை வால்வும் முதலில், ஆனால் நல்ல வால்வையும் விட்டுவைக்காது. ஒட்டிய இடத்தில் கிருமி, ரத்த உறைவு, ஃபைப்ரின் என்ற புரத இழை எல்லாம் சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சதைத்துணுக்குபோல வளரும். இதைத்தான் வெஜிடேஷன் என்கிறார்கள். வீட்டுக்காரர்கள் 'வால்வுல கட்டி' என்பார்கள். அது வால்வை அரித்து ஓட்டை போடலாம், துண்டு உடைந்து மூளைக்கோ மண்ணீரலுக்கோ காலுக்கோ போகலாம். வேறு சில கிருமிகள் மாதக்கணக்கில் செய்வதை ஸ்டாஃப் சில நாள்களிலேயே செய்துவிடும்.

அதனால் ரத்தத்தில் ஆரியஸ் வந்த எல்லாருக்கும் எக்கோ உண்டு. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கவில்லை என்பதை வைத்து வால்வு நல்லது என்று சொல்லிவிட முடியாது.

7. "நெஞ்சு மேல வச்சு எடுத்த எக்கோ நார்மல். இப்போ வாய் வழியா விடணும்னு சொல்றாங்க. வேண்டாம்னு சொல்லலாமா?"

நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவுக்கும் இதயத்துக்கும் நடுவில் எலும்பும் நுரையீரல் காற்றும் குறுக்கே நிற்கின்றன. சொந்த வால்வில் உள்ள வெஜிடேஷனில் சுமார் 70 சதவீதத்தைத்தான் அது பிடிக்கும்; செயற்கை வால்வில் பாதிக்குப் பாதி. உணவுக்குழாய் இதயத்தின் முதுகை ஒட்டியே போவதால் அங்கிருந்து பார்த்தால் 90 சதவீதத்துக்கும் மேல் தெரிந்துவிடும். செயற்கை வால்வு அல்லது பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கல்ச்சர் இரண்டு மூன்று நாளாகியும் பாசிட்டிவாகவே இருப்பவர்கள், எங்கிருந்து வந்தது என்றே தெரியாதவர்கள், உடைந்த துண்டு எங்காவது போய்ச் சேர்ந்ததற்கான அறிகுறி உள்ளவர்கள் இதைத் தவிர்க்காமல் இருப்பது நல்லது.

நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, கட்டுப்பல் இருந்தால் கழற்ற வேண்டும், தொண்டையில் மரத்துப்போக ஸ்ப்ரே, லேசான மயக்க மருந்து. விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, உணவுக்குழாயில் முன்பு சுருக்கம் என்று ஏதாவது இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முடிந்ததும் உடனே காபி கொடுத்துவிடாதீர்கள். தொண்டை மரப்புப் போய், வார்டில் சரி என்று சொன்ன பிறகு முதலில் ஒரு மடக்குத் தண்ணீர்.

இதுவும் நார்மல் என்று வந்து, சந்தேகம் மட்டும் தீராவிட்டால் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து மறுபடி செய்யச் சொல்வார்கள். முதல் நாள் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தது ஒரு வாரத்தில் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கலாம்.

8. "காய்ச்சல் விட்டு நாலு நாளாச்சு, நல்லா சாப்பிடுறாரு. இன்னும் ஏன் ஊசி?"

இந்தத் தொகுப்பில் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். பாதியில் மருந்தை நிறுத்திவிட்டு, மறுபடி வரும்போது முதுகெலும்பில் சீழோடு வருவதற்கும் இந்த எண்ணமே காரணம்.

குறைந்தபட்சம் 14 நாள். அந்தச் சலுகைக்கும் எல்லா நிபந்தனையும் பொருந்த வேண்டும்: வால்வில் தொற்று இல்லை என்று உறுதியாக வேண்டும், உடம்பில் செயற்கைப் பொருள் இருக்கக் கூடாது, மருந்து தொடங்கி இரண்டு முதல் நான்கு நாளுக்குள் எடுத்த கல்ச்சர் நெகட்டிவாக வேண்டும், 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் அடங்க வேண்டும், வேறெங்கும் சீழ் கட்டியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் நான்கு முதல் ஆறு வாரம். வால்வில் என்றால் பொதுவாக ஆறு வாரம். வெஜிடேஷனுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. நடுவில் கிருமி நெருக்கமாகவும் மந்தமாகவும் உட்கார்ந்திருக்கும். மருந்து வெளியிலிருந்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும்.

9. "அட்மிட் ஆனதுல இருந்து எண்ணுனா இன்னையோட ரெண்டு வாரம். டாக்டர் ஒன்பது நாள்தான்னு சொல்றாரு?"

டாக்டரின் கணக்கு சரி. முதல் ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணக் கூடாது. கல்ச்சர் முதன்முதலில் நெகட்டிவான நாள்தான் முதல் நாள். அதற்காகவே 24 முதல் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை கல்ச்சர் திரும்ப எடுக்கிறார்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு கல்ச்சருக்கும் எடுத்த தேதியையும் வந்த முடிவையும் எழுதி வையுங்கள். ரிப்போர்ட் வந்த தேதியை எழுதினால் கணக்கு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும்.

வால்வு ஆபரேஷன் நடந்து, வெட்டியெடுத்த வால்வுத் துணுக்கிலேயே கிருமி வளர்ந்தால் எண்ணிக்கை ஆபரேஷன் நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். துணுக்கு நெகட்டிவாக வந்தால் பழைய கணக்கே தொடரும்.

10. "முதல்ல பெரிய ஆன்டிபயாட்டிக் போட்டாங்க. இப்போ செஃபசோலின்னு விலை கம்மியான மருந்துக்கு மாத்திட்டாங்க. செலவைப் பார்த்து மாத்துறாங்களா?"

ரிப்போர்ட்டைப் பார்த்து மாற்றுகிறார்கள். 1961இல் இங்கிலாந்தில் மெதிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் முதலில் பதிவானது, அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. அதற்கு மட்டுமே வான்கோமைசின், டாப்டோமைசின் போன்றவை வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் ஆக்சசிலின் அல்லது செஃபாக்சிட்டின் வரிசைக்கு நேராக 'சென்சிட்டிவ்' என்று இருந்தால் அது எம்.எஸ்.எஸ்.ஏ., அதாவது மெதிசிலினுக்கு அடங்கும் ஸ்டாஃப். அதற்கு 2 கிராம் செஃபசோலின் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது 2 கிராம் குளோக்சசிலின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்தக் கிருமியைக் கொல்வதில் வான்கோமைசின் இவற்றைவிட மந்தம்; அதிலேயே வைத்திருந்தால் இறப்பும் மறுபடி வருவதும் அதிகம். மெரோபெனெம், பைப்பராசிலின் போன்ற 'பெரிய' மருந்துகளும் இங்கே கூடுதலாக எதையும் சாதிக்காது.

பென்சிலின் அலர்ஜி என்று சீட்டில் எழுதியிருந்தால் அது எப்போது, எப்படி வந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். சிறு வயதில் வந்த ஒரு தடிப்புக்காக நல்ல மருந்தை ஒதுக்குவது நஷ்டம். செஃபசோலினின் மூலக்கூறு அமைப்பு பென்சிலினிலிருந்து வேறுபட்டதால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். மூளையிலும் தொற்று இருந்தால் மட்டும் குளோக்சசிலின் வகையையே விரும்புவார்கள். குளோக்சசிலின் நரம்பைப் புண்ணாக்கும் என்பதால் வென்ஃப்ளானை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

11. "வான்கோமைசின் ஏறுறப்போ முகமெல்லாம் சிவந்து அரிக்குது. அலர்ஜியா? நிறுத்திடலாமா?"

பெரும்பாலும் வேகமாக ஏற்றியதால் வருவது. ஒரு கிராமுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் என்பது கணக்கு. ஒன்றரை கிராம் என்றால் ஒன்றரை மணி. டிரிப்பின் சக்கரத்தை யாரோ திறந்துவிட்டு அரை மணியில் முடித்தால் முகம், கழுத்து, மார்பு சிவந்து அரிக்கும். நிறுத்தி, அலர்ஜிக்கான மருந்து கொடுத்து, அடங்கிய பிறகு மெதுவாக ஏற்றினால் மறுபடி வராது. மூச்சுத்திணறல், நாக்கு வீக்கம், மயக்கம் இருந்தால் அது வேறு. உடனே கத்திக் கூப்பிடுங்கள். சக்கரத்தை நீங்களாகத் தொடாதீர்கள்.

இந்த மருந்துக்கு ரத்த அளவு பார்ப்பது அவசியம். குறைந்தால் கிருமி தப்பும், கூடினால் கிட்னி கெடும். அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுக்க வேண்டிய ரத்தத்தை டோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் ரிப்போர்ட் பொய் சொல்லும். டாப்டோமைசின் என்றால் வாரம் ஒருமுறை தசை என்சைம் சி.பி.கே. பார்ப்பார்கள், நுரையீரல் நிமோனியாவுக்கு அது உதவாது, நுரையீரலின் வழவழப்புத் திரவம் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். லைனசோலிட் இரண்டு வாரம் தாண்டினால் பிளேட்லெட் குறையலாம்.

12. "நாலாவது நாளும் கல்ச்சர் பாசிட்டிவ். மருந்து கேட்கலையா, வேற மாத்தணுமா?"

மருந்தை மாற்றுமுன் இடத்தைத் தேடுவதே முறை. எடுக்காமல் விட்ட லைன், வடிக்காத சீழ், எக்கோவில் தெரியாத வெஜிடேஷன், முதுகெலும்பு வட்டு, இடுப்பை ஒட்டிய சோவாஸ் தசை, மூட்டு. நோயாளி புதிதாக முதுகு வலி என்று சொன்னால் படுத்துப் படுத்து வந்த வலி என்று தள்ளாதீர்கள். முதுகுத்தண்டை ஒவ்வொரு எலும்பாகத் தட்டிப் பார்த்து, ஓரிடத்தில் துள்ளினால் எம்.ஆர்.ஐ. தேவை. காலை நீட்டினால் இடுப்பு வலிக்கிறது, முட்டியை மடக்கியே படுத்திருக்கிறார் என்றால் சோவாஸ். வெப்பநாடுகளில் தொடை, பிட்டத் தசைகளுக்குள்ளேயே சீழ் கட்டுவதும் அதிகம். மேலே தோல் சிவக்காது, அழுத்தினால் கட்டை மாதிரி இருக்கும்.

சீழ் இருந்தால் ஊசி வழியாகவோ கத்தி வைத்தோ வெளியே எடுத்தே ஆக வேண்டும். கூடுதலாக ரிஃபாம்பிசின் சேர்த்தால் சீக்கிரம் அடங்குமா என்று பிரிட்டனில் 758 பேரிடம் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். பொதுவான ஸ்டாஃப் ரத்தத் தொற்றில் பெரிய பயன் இல்லை. செயற்கை வால்வில் மட்டும் இன்னும் சேர்க்கிறார்கள்.

13. "கழுத்து லைனை எடுத்துட்டா டயாலிசிஸ் எப்படிப் பண்றது? லைனுக்குள்ள மருந்து போட்டு சரி பண்ண முடியாதா?"

வேறு சில கிருமிகளுக்கு அப்படி முயல்வதுண்டு. ஆரியஸுக்கு லைனை எடுப்பதே சரி. 2ஆம் கேள்வியில் சொன்ன படலம்தான் காரணம். தற்காலிக லைன் வைத்து டயாலிசிஸைத் தொடர்ந்து, கல்ச்சர் நெகட்டிவான பிறகு புதிய நிரந்தர லைன் வைப்பார்கள். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைப்பது) போடும் பேச்சை இந்த நேரத்தில் தொடங்கிவிடுங்கள், லைனைவிட அதில் தொற்று மிகக் குறைவு.

இவர்களுக்கு ஒரு வசதி: செஃபசோலின் கிட்னி வழியாக வெளியேறும் மருந்து என்பதால் வாரம் மூன்று டயாலிசிஸின் முடிவிலும் போட்டால் போதும். வழக்கமாக 2, 2, 3 கிராம். அடுத்த டயாலிசிஸுக்கு மூன்று நாள் இடைவெளி வரும் முறைக்குத்தான் 3. கையில் நீளமான பிக் லைன் (கை நரம்பு வழியாக இதயத்துக்கு அருகே வரை போகும் குழாய்) போட வந்தால் "கிட்னி நோயாளி, நரம்பை ஃபிஸ்டுலாவுக்குக் காப்பாத்தணும்" என்று நினைவுபடுத்துங்கள்.

14. "பேஸ்மேக்கர் வச்சிருக்காரு. எக்கோல வயர் நல்லா இருக்கு. ஆனா முழுசா எடுக்கணும்ங்கிறாங்களே?"

எக்கோவில் தெரியாததால் வயரில் இல்லை என்று ஆகிவிடாது. ரத்தத்தில் ஆரியஸ் இருந்து வேறு காரணம் தெளிவாகத் தெரியாவிட்டால், பெட்டியையும் வயரையும் சேர்த்தே எடுப்பதுதான் பரிந்துரை. பெட்டியை மட்டும் மாற்றி வயரை விட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். பழைய வயர் இதயத் தசையோடு ஒட்டியிருக்கும் என்பதால் இதில் பழகிய சென்டரில், பக்கத்தில் இதய அறுவைக் குழு இருக்கும் இடத்தில் செய்வது நல்லது.

15. "மருந்துலயே சரி ஆகும்னாங்க. இப்போ திடீர்னு வால்வு ஆபரேஷன்ங்கிறாங்க. ஆறு வாரம் முடியட்டுமே?"

காத்திருக்க முடியாத காரணங்கள் மூன்று. வால்வு கிழிந்து ரத்தம் பின்னோக்கி அடித்து நுரையீரலில் நீர் கோர்ப்பது முதலாவது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினால் இதுதான். மருந்தால் கிழிசலைத் தைக்க முடியாது. இரண்டாவது, தொற்று வால்வைத் தாண்டி அதன் வளையத்தில் சீழாக இறங்குவது. தினமும் ஈ.சி.ஜி. எடுப்பது வெறும் சடங்கு இல்லை, பி.ஆர். இடைவெளி (மின்துடிப்பு இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகும் நேரம்) நேற்றைவிட நீண்டால் சீழ் மின்பாதைவரை வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது, 10 மில்லிமீட்டருக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கும் வெஜிடேஷன், அதிலும் ஏற்கெனவே துண்டு உடைந்து போயிருந்தால்.

16. "ஒரு பக்கம் கை விழுந்துருச்சு. ஏற்கெனவே செயற்கை வால்வுக்கு அசிட்ரோம் சாப்பிடுறாரு. ரத்தம் உறையாம இருக்க இன்னும் கூட்டணுமில்ல?"

கூட்டினால் ஆபத்து. மூளைக்குப் போனது வெறும் ரத்தக்கட்டி இல்லை, கிருமியோடு கூடிய துண்டு. அது ரத்தக்குழாய்ச் சுவரை நைத்துக் கசிய வைக்கும். வால்வுத் தொற்றால் பக்கவாதம் வந்தவருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் வகை மருந்துகளையே இரண்டு வாரம்போல் நிறுத்தி வைப்பதுண்டு. எப்போது மறுபடி தொடங்குவது என்பது இதயம், நரம்பியல் இரண்டு தரப்பும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. மூளையில் ரத்தம் கசிந்திருந்தால், வால்வு ஆபரேஷனை முடிந்தால் ஒரு மாதம் தள்ளிப்போடுவார்கள். கசிவில்லாத அடைப்பு, நினைவும் இருக்கிறது என்றால் தள்ளிப்போடத் தேவையில்லை.

இன்னொரு சிக்கல்: செயற்கை வால்வுக்காக ரிஃபாம்பிசின் சேர்த்தால் அது அசிட்ரோமின் வேலையைக் குறைக்கும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) இறங்கும், டோஸ் ஏற்ற வேண்டிவரும். ரிஃபாம்பிசின் நின்ற பிறகு அதே டோஸை விட்டுவைத்தால் அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் ஐ.என்.ஆர். எகிறி ரத்தம் கசியும். மருந்து நிறுத்திய தேதியைக் காலண்டரில் குறித்து, அதன் பின் அடிக்கடி ஐ.என்.ஆர். பாருங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மட்டும் பயப்படத் தேவையில்லாதது.

17. "மாத்திரையா எழுதிக் கொடுத்தா வீட்டுக்குப் போயிடுவோமே?"

முன்பு முடியாது என்பதே பதில். டென்மார்க்கில் 400 வால்வுத் தொற்று நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்த பிறகு, சிலருக்கு முடியும் என்று ஆகியிருக்கிறது. அதில் குறைந்தது பத்து நாள் நரம்பு வழி மருந்து போய், நிலைமை சீராகி, எக்கோவில் சீழ் இல்லை என்று உறுதியான பிறகே மாற்றினார்கள். அதுவும் ஒன்றுக்கு இரண்டு மாத்திரை மருந்துகள் சேர்த்து. ஆரியஸ் ஐந்தில் ஒருவருக்கு இருந்தது, எம்.ஆர்.எஸ்.ஏ. யாருக்கும் இல்லை. எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ள உங்கள் நோயாளிக்கு அந்த முடிவை அப்படியே எடுத்துப் போட முடியாது.

வீட்டிலிருந்தே நரம்பு ஊசி போடுவது நடைமுறையில் எளிது. கல்ச்சர் நெகட்டிவாகி இரண்டு மூன்று நாள் கழித்து பிக் லைன் வைத்து, பயிற்சி பெற்ற நர்ஸ் வந்து போடலாம். வாரம் ஒருமுறையாவது ரத்த அணுக்கள், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். சீராகாதவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் ஊரில் இருப்பவர்களுக்கும் இது வேண்டாம்.

18. "மூணு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி தவறாம போடுறோம். அப்புறம் எப்படி வால்வுல தொற்று வந்துச்சு?"

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள் உள்ள வீடுகளில் இந்த ஆதங்கம் நியாயமானது. அந்த பென்சாத்தின் பென்சிலின் தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸைத் தடுத்து, ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வராமல் பார்க்கிறது. ரத்தத்தில் நிற்கும் அளவு மிகக் குறைவு. ஸ்டாஃபில் பெரும்பாலானவை பென்சிலினை உடைக்கும் என்சைமையும் வைத்திருக்கின்றன. ஊசியை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வேலைக்கு.

இதேபோல்தான் பல் பிடுங்குமுன் சாப்பிடும் 2 கிராம் அமாக்சிசிலினும். அது வாயில் உள்ள கிருமிகளுக்காக, சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிஷம் முன் ஒரே ஒரு டோஸ். செயற்கை வால்வு, முன்பு வால்வுத் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறுகள் என இவர்களுக்கு மட்டும். ஒருமுறை வால்வில் ஸ்டாஃப் வந்துவிட்டதால் உங்கள் நோயாளி இனி இந்தப் பட்டியலில் சேருகிறார். பல் டாக்டரிடம் உட்காருமுன் சொல்லுங்கள்.

19. "யூரின் கல்ச்சர்லதான் ஸ்டாஃப் ஆரியஸ். யூரின் இன்ஃபெக்‌ஷன் மாத்திரை ஒரு வாரம் போதும்தானே?"

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீர்க் குழாய்த் தொற்றை வழக்கமாக உண்டாக்குவது இந்தக் கிருமி இல்லை. சிறுநீர் டியூப் இருந்தாலோ அண்மையில் அந்தப் பகுதியில் ஏதாவது செய்திருந்தாலோ வரலாம். அவை இல்லாதவருக்கு, அதுவும் காய்ச்சலோடு வந்தால், ரத்தத்திலிருந்து கிட்னி வழியாகச் சிறுநீருக்கு இறங்கியிருக்க வாய்ப்புண்டு. மாத்திரை தொடங்குமுன் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

20. "ஆறு வாரம் முடிஞ்சும் எக்கோல கட்டி இருக்கு. குணமாகலையா?"

வெஜிடேஷன் முழுதாக மறைய வேண்டும் என்று இல்லை. சுருங்கி, கெட்டியாகி, வடுபோல வருஷக்கணக்கில் இருக்கலாம். காய்ச்சல் இல்லை, சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) இறங்கிவிட்டது, கல்ச்சர் நெகட்டிவ் என்றால் மருந்தை நிறுத்துவார்கள். நிறுத்தும்போது எடுக்கும் எக்கோவின் படத்தையும் அளவையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

21. "வீட்டுக்கு வந்தப்புறம் காய்ச்சல் அடிச்சா பக்கத்து கிளினிக்ல ஒரு ஊசி போட்டுக்கலாமா?"

ஆன்டிபயாட்டிக் ஊசி என்றால் கூடாது. மறுபடி வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அந்தக் காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், நடுக்கம் வந்தால், புதிதாக முதுகு வலி வந்தால், மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால் நேராக ஆஸ்பத்திரிக்கு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே இருந்து காய்ச்சல் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். கொடுக்குமுன் அளந்து எழுதுங்கள்.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் 9ஆம் கேள்வியில் சொன்ன நோட்டையும் எடுத்துப் போங்கள். கேஷுவாலிட்டியில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. "வால்வுல ஸ்டாஃப் வந்து மருந்து முடிஞ்சு இத்தனை வாரம், முதல் டோஸுக்கு முன்னாடி கல்ச்சர் எடுங்க" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.